‘ஒண்ணுமே தோணல மேடம்’: காரணம் தெரியாமல் மனசு மரத்துப்போன ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இதில் வருபவரின் முழு அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவரை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக ஊர், வேலை, குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை. நான் உளவியல் ஆலோசகர், மருந்து எழுதுபவள் இல்லை. மருந்து சம்பந்தப்பட்ட எல்லா முடிவும் எங்களோடு வேலை செய்யும் மனநல மருத்துவர் எடுத்தது. ‘சோகம் இல்லை, சந்தோஷமும் இல்லை, காரணமும் தெரியவில்லை’ என்று வருகிறவர்கள் நிறைய. அவர்களிடம் ‘காரணம் இல்லை’ என்ற பதிலை வீட்டார் சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள், சில சமயம் மருத்துவர்களும்தான். இந்த ஒருவர் விஷயத்தில் காரணத்தைத் தேடிப் போனபோது என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பின்னணி

டெல்டா மாவட்டம் ஒன்றில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் பெண், வயது 39. கணவர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். ஒரு மகள், ஒரு மகன். பெரிய கடன் இல்லை, வீட்டில் குடி இல்லை, சண்டை இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து கூடவே இருந்த மாமியார் 2024 தை மாதம் காலமானார்.

எங்களிடம் அவர் வந்தது 2024 ஜூனில். அதற்கு இரண்டு சம்பவங்கள் காரணம். மாமியார் இறந்த அன்று இவர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், ஃப்ரீசர் பெட்டிக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார், யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று பட்டியல் போட்டார். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோதும் இவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நாத்தனார் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, “பதினேழு வருஷம் சோறு போட்டவ போயிட்டா, இவ பாரு கல்லு மாதிரி நிக்கிறா” என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் மாமியாரும் மருமகளும் உண்மையிலேயே நெருக்கமாக இருந்தவர்கள்.

அடுத்தது மே மாதம், மகளின் பத்தாம் வகுப்பு ரிசல்ட். 500-க்கு 471. மகள் ஓடிவந்து போனைக் காட்டியபோது அம்மா, “சரி, சாப்பிட வா” என்றார். அந்தப் பெண் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. கணவர் அழைத்து வந்ததும் அதனால்தான். “எங்க வீட்ல முன்னாடியெல்லாம் இப்படி கிடையாது மேடம், டிவில அழுகைக் காட்சி வந்தாலே மூக்கை உறிஞ்சுவாங்க” என்றார்.

முதல் சந்திப்பில் பார்த்தது

நேராக உட்கார்ந்தார், கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார். முகத்தில் சோகம் தெரியவில்லை, பதற்றமும் இல்லை. வங்கிக் கணக்கில் தப்பு விடுவதில்லை, சமையல் நேரத்துக்கு நடக்கிறது, மார்கழியிலும் கோலம் போட்டிருக்கிறார், ஆனால் முப்பது நாளும் ஒரே கோலம். “குழம்புல உப்பு சரியா இருக்கான்னு தெரியுது. நல்லா இருக்கான்னு தெரியல” என்று சொன்னார். எனக்கு அந்த வாக்கியம் முக்கியமாகப் பட்டது, குறிப்பில் அப்படியே எழுதி வைத்தேன்.

பிஹெச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் கொடுத்தோம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பொதுவாக 10-ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம் என்று மேற்கொண்டு பார்ப்போம். இவருக்கு 11. மொத்தத்தை மட்டும் பார்த்தால் ‘மிதமான மனச்சோர்வு’ என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் புள்ளிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தால் கதை வேறு. ஆர்வமின்மைக்கு முழு 3, சோர்வுக்கு 3, கவனக் குறைவுக்கு 3, மந்தமாக இருப்பதற்கு 2. மனம் வாடியிருப்பது, தன்னையே மட்டமாக நினைப்பது, வாழ வேண்டாம் என்ற எண்ணம், தூக்கம், பசி, எல்லாவற்றுக்கும் சுழியம். தற்கொலை எண்ணத்தை மட்டும் தாளில் விட்டுவிடாமல் வாய் விட்டும் கேட்டோம். இல்லை என்று உறுதியாகச் சொன்னார்.

இன்னொன்றையும் கவனித்தோம். நல்ல உணர்வு மட்டும் போகவில்லை, கெட்ட உணர்வும் போயிருந்தது. கோபம் வருவதில்லை. மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டியபோது எதுவும் தோன்றவில்லை. பையன் சைக்கிளிலிருந்து விழுந்து தாடையில் தையல் போட்டபோது பயம் வரவில்லை. மனச்சோர்வில் பெரும்பாலும் சந்தோஷம் போய் வேதனை நிற்கும். இங்கே வேதனையும் சேர்ந்து போயிருந்தது.

‘ஏன் இப்படி ஆச்சு’ என்று நான் கேட்கவில்லை, அதற்குப் பதில் அவரிடம் இல்லை என்பதால்தான் வந்திருக்கிறார். ‘கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எப்போது, கடைசியாக அழுதது எப்போது’ என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, 2021 கொரோனா இரண்டாம் அலையில் கூட வேலை பார்த்த பெண் இறந்தபோது அழுததைச் சொன்னார். அதற்குப் பிறகு எதுவும் ஞாபகம் வரவில்லை.

எடுத்த முதல் முடிவு: உடம்பைப் பார்ப்பது

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை, சர்க்கரை, இவையெல்லாம் மனசை மந்தமாக்கக் கூடியவை, அதுவும் நாற்பதை நெருங்கும் பெண்களிடம் சாதாரணமாகப் பார்ப்பவை. இதைப் பார்க்காமல் பேச்சு சிகிச்சை ஆரம்பிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தைராய்டைக் காட்டும் டிஎஸ்ஹெச் சரியாக இருந்தது, பி12 சரி, சர்க்கரை சரி. ஹீமோகுளோபின் மட்டும் 10.4, பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி, அதிக உதிரப்போக்கு இருக்கிறதா என்று பார்க்க மகளிர் மருத்துவரிடமும் அனுப்பினோம். சில வாரங்களில் படி ஏறும்போது வந்த மூச்சிரைப்பு குறைந்தது. மரத்துப்போன உணர்வு இம்மியும் மாறவில்லை.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும், அட்டையோடு, எடுத்துவரச் சொல்லியிருந்தோம். ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். இரும்புச்சத்து, கால்சியம், கேஸ் மாத்திரை, கணவரின் பி.பி. மாத்திரையும் தவறிப்போய் அதில் இருந்தது. அடியில் பாதி தீர்ந்த ஓர் அட்டை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிடலோப்ராம் 10 மில்லிகிராமும், பதற்றத்தைத் தணிக்கும் குளோனசெபம் 0.5 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை.

“இது எதுக்கு சாப்பிடறீங்க?”

“அது படபடப்பு மாத்திரை மேடம். நெஞ்சுக்கு.”

மாத்திரையின் கதை

2021 ஜூனில், தோழி இறந்து சில வாரங்களில், இவருக்கு பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டு, கை விறைத்து, செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் வந்திருக்கிறது. மறுபடி மறுபடி வந்தது. ஈசிஜி, எக்கோ இரண்டும் சரி. பார்த்த மருத்துவர் இந்த மாத்திரையை ஒரு மாதத்துக்கு எழுதி, மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது: பஸ் ஏறவே பயந்தவர் இரண்டு மாதத்தில் தனியாக வேலைக்குப் போனார். படபடப்பு நின்றதும் மருத்துவரிடம் திரும்பிப் போகவில்லை. மாத்திரையையும் நிறுத்தவில்லை. கணவர் தன் பி.பி. மாத்திரை வாங்கும்போது பழைய அட்டையைக் காட்டி இதையும் சேர்த்து வாங்கிவந்தார், மெடிக்கலில் புதுச் சீட்டு கேட்கவில்லை. மூன்று வருஷம் இப்படியே போயிருக்கிறது.

எங்கள் படிவத்தில் ‘மனநலத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா’ என்ற கேள்விக்கு அவர் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். அவர் அறிந்தவரை அது நெஞ்சுக்கான மாத்திரை.

எஸ்சிடலோப்ராம் போன்ற மருந்துகளைச் சாப்பிடும் ஒரு பகுதியினருக்கு உணர்வுகள் மழுங்கிப்போவது மருத்துவ உலகம் அறிந்த விஷயம்தான். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு மருந்து எடுத்துக்கொண்டிருந்த 669 பேரில் 46 சதவீதம் பேர் இந்த மழுங்கலைச் சொன்னார்கள். மருந்துதான் காரணமா, மீதமிருக்கும் மனச்சோர்வா என்ற கேள்வி அதில் எழும். 2023-ல் எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கே எஸ்சிடலோப்ராம் மூன்று வாரத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தபோது, பரிசு கிடைப்பதையும் கிடைக்காமல் போவதையும் உணர்ந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் கூர்மை அவர்களிடம் குறைந்தது. ஆக மருந்துக்கும் பங்கு உண்டு. குளோனசெபமும் தன் பங்குக்கு மந்தத்தையும் மறதியையும் தரக் கூடியது.

பெரிய முடிவு: கூட்டுவதா, குறைப்பதா

இந்த இடத்தில்தான் ரொம்ப நேரம் விவாதித்தோம். 11 என்ற எண்ணை நம்பினால் மனச்சோர்வு முளைக்கிறது என்று டோஸைக் கூட்ட வேண்டும். பின்விளைவு என்று எடுத்துக்கொண்டால் குறைக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர் திசை, தவறாகப் போனால் அனுபவிக்கப்போவது அவர்.

மருத்துவர் குறைப்பது என்று முடிவு செய்தார். மாத்திரை ஆரம்பித்த காரணம் பீதித் தாக்குதல், மனச்சோர்வு முன்பு எப்போதும் இருந்ததில்லை. மரத்துப்போனது மாத்திரைக்குப் பிறகு. நல்லது கெட்டது இரண்டும் சேர்ந்து மழுங்கியிருக்கிறது. நம்பிக்கையின்மையோ குற்ற உணர்வோ இல்லை. முன்பு மனச்சோர்வு வந்துபோனவராக இருந்திருந்தால் இதே முடிவை எடுத்திருப்பாரா என்பது சந்தேகம், அவரே அப்படித்தான் சொன்னார்.

குறைப்பதற்கு முன்னால் இரண்டு வேலை இருந்தது. இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் இருந்ததால் ஒன்றை மட்டும் குறைக்க வழி இல்லை, உடைத்தால் இரண்டும் பாதியாகும். அதனால் முதலில் தனித்தனி மாத்திரையாக மாற்றினார்கள், அளவு அதேதான். அடுத்தது, பீதியைச் சமாளிக்கும் பயிற்சி. மாத்திரையை எடுத்த பிறகு படபடப்பு திரும்ப வந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஆலோசனை அறையிலேயே வேண்டுமென்று நெஞ்சை அடிக்க வைத்தோம்: மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்குவது, ஜூஸ் குழாய் வழியாக ஒரு நிமிஷம் மூச்சு விடுவது. நெஞ்சு அடித்தாலும் ஒன்றும் ஆகவில்லை, தானாகவே அடங்குகிறது என்பதை உடம்பு ஒவ்வொரு முறையும் பார்த்துப் பழக வேண்டும்.

கணவர் ஒரு கட்டத்தில், “அப்போ நாளையிலேர்ந்து நிறுத்திடட்டுமா?” என்று கேட்டார். கூடவே கூடாது. குளோனசெபத்தைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடுவதோடு வலிப்பு வரைக்கும் போகலாம். எஸ்சிடலோப்ராமைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி உணர்வு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரலாம். இதைப் படிக்கும் யாரும் தங்கள் மாத்திரையை நாளைக் காலையில் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. உண்மையான மனச்சோர்வில் அந்த மாத்திரைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும்.

மரத்துப்போன மாதங்களை எப்படிக் கடத்தினார்

மருந்து குறைவது மாதக்கணக்கில் நடக்கும். அதுவரை என்ன செய்வது? உணர்வு வரட்டும், அப்புறம் செய்கிறேன் என்று காத்திருந்தால் செய்வதெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும். அதனால் செயலை முதலில் வைத்தோம்.

ஒரு பழைய டைரியில் மணிக்கு மணி என்ன செய்தார், அதில் எவ்வளவு இன்பம் என்று 0 முதல் 10 வரை எழுதச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் பக்கம் பக்கமாக 0. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அப்புறம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு அக்காவோடு திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்த நேரத்துக்கு 2 என்று எழுதியிருந்தார். அந்த 2-ஐப் பிடித்துக்கொண்டோம். டிவி 0, போன் 0, கோயில் 0 (இதைச் சொல்ல அவர் ரொம்பத் தயங்கினார்), கடைத்தெரு 0. கையில் ஒரு வேலையும் பக்கத்தில் ஓர் ஆளும் சேர்ந்து இருந்தால் மட்டும் 1 அல்லது 2 வந்தது. அதனால் அதைக் கூட்டினோம். பூ தொடுப்பது, மகனோடு சைக்கிள் துடைப்பது, ஞாயிற்றுக்கிழமை மகளும் அவரும் சேர்ந்து முறுக்கு பிழிவது. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் வைக்கவில்லை, செய்தால் போதும்.

வீட்டாரிடம் இரண்டு விஷயம் கேட்டோம். ‘உனக்கு என்ன குறைச்சல்’ என்று சொல்லக் கூடாது. ‘இன்னைக்கு ஏதாவது தோணுச்சா’ என்று தினமும் விசாரிக்கவும் கூடாது. இரண்டாவதுதான் கணவருக்குக் கஷ்டமாக இருந்தது, அக்கறையில் கேட்பவர் அவர். மகளிடம் தனியாகப் பேசினேன். அம்மாவுக்கு உன் மார்க் பெரிதாகத் தெரியவில்லை என்பதில்லை, சந்தோஷம் வந்து சேரும் வழி இப்போது அடைபட்டிருக்கிறது என்றேன். அந்தப் பெண் அழுதுவிட்டு, “அப்போ அம்மாகிட்ட நான் கோபப்பட்டது தப்பா?” என்று கேட்டாள். தப்பில்லை என்றேன், இப்போதும் அதையேதான் சொல்வேன்.

தொடர்ந்து நடந்தது

குளோனசெபத்தை முதலில் குறைத்தார்கள், 0.5-லிருந்து 0.25, பிறகு அதில் பாதி, ஒவ்வொரு படிக்கும் சில வாரங்கள். தூக்கம் கெட்டது. விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்த நாட்கள் உண்டு. எப்படியோ தாண்டினார். தீபாவளி சமயத்தில் அது முழுதாக நின்றிருந்தது.

பொங்கலுக்குப் பிறகு எஸ்சிடலோப்ராம் 10-லிருந்து 7.5, பிறகு 5. முதலில் திரும்பி வந்த உணர்வு கோபம். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்ட மகனைத் தெரு கேட்கக் கத்திவிட்டார். கணவர் பதறிப்போய் எனக்குப் போன் செய்தார், மாத்திரையைப் பழையபடி கூட்டிவிடலாமா என்று. அன்று கூட்டியிருந்தால் எல்லாம் பழைய இடத்துக்கே போயிருக்கும் என்று நினைக்கிறேன். மருத்துவர் நேரில் பார்த்தார். தூக்கம், பசி, எண்ணங்கள் எல்லாம் சரியாக இருந்தன, கோபத்துக்குக் காரணமும் இருந்தது, கத்திய பிறகு அடங்கியும் விட்டது. அளவை மாற்றாமல் காத்திருக்கச் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து வங்கியில் ஒரு மூதாட்டி பாஸ்புக்கை நீட்டி, “எவ்ளோ இருக்குன்னு படிச்சு சொல்லு தாயி” என்று கேட்டு, சொன்ன பிறகும் நம்பாமல் இன்னொரு தடவை படிக்கச் சொல்லியிருக்கிறார். மாமியாரும் அப்படித்தானாம், எதையும் இரண்டு தடவை சொல்லச் சொல்வாராம். இவர் எழுந்து பதிவேட்டு அறைக்குள் போய் அரை மணி நேரம் அழுதிருக்கிறார். என்னிடம் சொல்லும்போது அவருக்குப் பயமாக இருந்தது, நிறுத்த முடியாமல் போய்விடுமோ என்று. ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போன துக்கம், அது வரத்தான் செய்யும் என்றேன். அதற்கடுத்த சந்திப்புகள் முழுக்க மாமியாரைப் பற்றித்தான் பேசினோம். நாத்தனாரிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவுக்கே விட்டேன். சொன்னார். நாத்தனார் பதில் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து ஒரு நாள் தங்கிவிட்டுப் போனார்.

படபடப்பு ஒரு முறை வந்தது, பஸ்ஸில்தான், நிற்க இடமில்லாத கூட்டத்தில். இறங்கிவிடாமல் அப்படியே நின்றிருக்கிறார். நாலைந்து நிறுத்தம் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது.

5-க்குக் கீழே போவதில் அவசரம் காட்டவில்லை. இந்த மருந்தில் கடைசி சில மில்லிகிராம்தான் கடினம். மூளையில் மருந்தின் பிடி, மாத்திரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, கீழே போகப் போகச் சின்னக் குறைப்புகூடப் பெரிய வித்தியாசம் செய்யும். லண்டன் ஆய்வாளர்கள் மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்படுகிறது. இவர் 5-ல் சில மாதம் நின்று, பிறகு 2.5-க்கு இறங்கினார். இதை எழுதும்போது அங்கேதான் இருக்கிறார். மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகு மேற்கொண்டு குறைக்கலாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இப்போது

பிஹெச்க்யூ-9 கடைசியாக 4. டைரியில் 6, 7 எல்லாம் வருகிறது, 0-வும் வருகிறது. எல்லாம் மாத்திரையால் ஆனது என்று சொல்லிவிட முடியாது. வங்கி வேலையில் மட்டும் இன்னும் எதுவும் தோன்றுவதில்லை, யோசித்துப் பார்த்தால் 2021-க்கு முன்னாலும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்கிறார். அதற்கு எந்த மருத்துவரிடமும் சீட்டு கிடையாது. இப்போது நாங்கள் பேசிக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான்.

என்ன மாற வேண்டும்

எங்கள் மையத்தில் இப்போது நேரம் குறிக்கப் போன் செய்யும்போதே, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் அட்டையோடு கொண்டுவரச் சொல்கிறோம். படிவத்தில் ‘மனநல மருந்து’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு ‘தினமும் என்ன மாத்திரை, எதற்கு, எந்த வருஷத்திலிருந்து’ என்று மாற்றினோம். கடைசி வரிதான் முக்கியமானது.

மாத்திரை எழுதும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். இது பதற்றத்துக்கான மாத்திரை, மூளையில் வேலை செய்வது, எனக்குத் தெரியாமல் தொடரக் கூடாது, நிறுத்தவும் கூடாது என்ற நான்கு விஷயத்தை நோயாளியின் பாஷையில் சொல்லிவிடுங்கள். பயந்துவிடுவார்கள் என்று ‘நெஞ்சுக்கு’ எனச் சொல்லி அனுப்பினால், பிறகு அதைக் கண்டுபிடிப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

மெடிக்கல் கடைகளில் பழைய அட்டையைக் காட்டினால் கொடுத்துவிடுவது சட்டப்படியும் தவறு. வாங்குகிறவர்களும் ‘சும்மா இதுக்கு எதுக்கு டாக்டர் ஃபீஸ்’ என்று நினைக்கிறார்கள், எனக்கு அது புரியாமல் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறையாவது எழுதியவரிடம் காட்டுங்கள்.

மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அல்லது உங்களுக்கே இருந்தால், கேட்டுப்பார்க்க வேண்டியவை இவை: கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, அதன் பிறகு என்ன மாறியது, புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது, ரத்தம் கடைசியாக எப்போது பார்த்தது, கோபமும் சேர்ந்து போயிருக்கிறதா. பதிலை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அங்கே போனதும் பாதி மறந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வாழ வேண்டாம் என்ற எண்ணம் லேசாக எட்டிப் பார்த்தாலும் தாள், டைரி எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே பேசுங்கள்.